வருத்தம் வருமுன் வைத்தியரிடம் பதியுங்கோ

(இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கான எமது ஆலோசனை நாளில் நிகழ்த்தப்பட்ட உரை)



அகதி விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து உங்கட நினைப்பெல்லாம் வழக்கிலைதான் இருக்கும். சொலிசிற்றர், நேர்முகம், கடிதம் என்று ஓடுகிற நேரத்தில் உடம்பைக் கவனிப்பது ஆர்? "காசு கேட்பினம்", "ஹோம் ஒவ்பிசுக்குச் சொல்லிப் போடுவினம்" என்று பயந்து வருத்தத்தை மறைக்கிற ஆக்களும் இருக்கினம். அந்தப் பயம் தேவையில்லை.

முதல் வேலை, ஜீ.பி. என்று சொல்லப்படும் குடும்ப வைத்தியரிடம் பதிவது. வருத்தம் வந்தபிறகு அல்ல, இப்பவே. இங்கிலாந்தில் ஜீ.பி.யைப் பார்க்க எவரும் காசு கட்டத் தேவையில்லை. பாஸ்போட், விசா, விலாசத்துக்கான ஆதாரம் இல்லை என்பதற்காக உங்களைப் பதிய மறுக்கக்கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதோடு எங்களிடம் வாங்கோ. ஹோம் ஒவ்பிஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் அங்கே திரும்பப் பதிய வேணும். நீரிழிவு, பிறசர் குளிசை எடுப்பவர்கள் குளிசைப் பெட்டியைக் காட்டுங்கோ.

விண்ணப்பமோ மேன்முறையீடோ நடந்துகொண்டிருக்கும்வரை ஆசுப்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். முற்றாக நிராகரிக்கப்பட்ட சிலரிடம் ஆசுப்பத்திரியில் காசு கேட்கலாம். அப்போதும் ஜீ.பி.யும் அவசரப் பிரிவில் பார்ப்பதும் இலவசந்தான். கர்ப்பிணிகளுக்கான சிகிச்சையைக் காசில்லை என்று மறுக்கவோ பிற்போடவோ கூடாது.

மருந்து, பல் வைத்தியம், கண் பரிசோதனை இவற்றுக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் தேவை. கண்ணாடிக்கும் ஆசுப்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கும் அது உதவும். ஹோம் ஒவ்பிஸ் உதவியில் இருப்பவர்களுக்கு அதைத் தருவார்கள். கிடைக்காதவர்கள் எச்.சி.1 படிவம் நிரப்ப வேணும். நாங்கள் நிரப்பித் தருவோம். சான்றிதழில் உள்ள முடிவுத் திகதியைப் பாருங்கோ. திகதி முடிந்த சான்றிதழைக் காட்டி மருந்து எடுத்தால் பிறகு தண்டப்பணம் வரலாம்.

எந்த வருத்தத்துக்கு எங்கே போவது?

தடிமன், தொண்டை நோவுக்கு முதலில் மருந்துக்கடைக்குப் போங்கோ. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தின் மருந்தாளர்கள் ஏழு வகை வருத்தங்களுக்கு ஜீ.பி.யின் துண்டு இல்லாமலே மருந்து தரலாம். பெண்களின் சலக்கடுப்பு, பிள்ளைகளின் காதுக்குத்து அவற்றில் அடங்கும். இன்னுமொன்று: ஊரில் நாங்கள் பனடோல் என்பதுதான் இங்கே பரசிற்றமோல். இரண்டு பெயரென்று இரண்டையும் சேர்த்துக் குடிக்கவேண்டாம்.

அவசரம், ஆனால் உயிராபத்து இல்லையென்றால் 111. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் உடனே 111 ஐ அழையுங்கோ. நெஞ்சுநோ, மூச்செடுக்கக் கஸ்ரம், வாய் கோணுதல், வலிப்பு என்றால் 999. காய்ச்சலோடு வரும் தழும்பு, கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாவிட்டால் அதுவும் 999. எங்கட தோல் நிறத்தில் தழும்பு தெரியாமல் போகலாம். உள்ளங்கை, உள்ளங்கால், வாய், கண்ணிமையின் உட்பக்கம் பாருங்கோ.

கடைசியாக ஒன்று. மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப் போகவேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் ஒரு தாய் தனக்கு நடந்ததை எப்படிச் சொல்லுவா? "ஒண்டுமில்லை, தலையிடிதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவா. அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே "தமிழ் இன்ரேப்பிறிற்றர் பிளீஸ்" என்று சொல்லுங்கோ. அது இலவசம். பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

நித்திரை வராமை, கெட்ட கனவு, பழைய அடிகாயம் எல்லாம் வைத்தியரிடம் சொல்லவேண்டிய வருத்தங்கள்தான். அவரிடம் சொல்வது இரகசியம். உங்கட வழக்கைத் தீர்மானிப்பவர் அவரில்லை. ஆனால் அவர் எழுதும் குறிப்பு பிறகு உங்கட சொலிசிற்றருக்கு ஆதாரமாக உதவலாம். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக 1985 இல் தொடங்கிய பிரீடம் புறொம் ரோச்சர் என்ற அமைப்பும் இருக்கு. அங்கே அனுப்பச்சொல்லி ஜீ.பி.யிடம் கேளுங்கோ.

வழக்கு முடிய நாளெடுக்கும். அதுவரை உடம்பும் மனமும் தாங்க வேணும். நாளைக்கே போய்ப் பதியுங்கோ.