மாத்திரை என்றால் அளவு

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது, சீவக சிந்தாமணி பற்றியோ நாலடியார் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? ஆயினும் இன்று நான் தூக்க மாத்திரை பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் இல்லங்களில் முதியோர் பலருடைய தலையணைக்கடியில் இருப்பதும், எவரும் எவரிடமும் சொல்லாததுமாகிய பொருள் அது. ஆறு ஆண்டுகள் என் தலையணைக்கடியிலும் இருந்தது.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நான் வாழ்கிறேன். மலைப்பள்ளி ஒன்றில் பணியாற்றி, ஓய்வு பெற்ற பின்னரும் இறங்க மனமின்றி அங்கேயே தங்கிவிட்டேன். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் என் துணைவியார் மறைந்தார். அன்றிலிருந்து உறக்கமும் என்னை விட்டு நீங்கியது. கீழே நகரத்து மருத்துவர் ஒருவர் அல்பிரசோலம் என்னும் மாத்திரையை அரை மில்லிகிராம் அளவில் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து நாளை ஆறு ஆண்டாக்கியவர்கள் இருவர்: நானும், பழகிய முகம் என்று பழைய சீட்டுக்கே மருந்து தந்த ஒரு கடைக்காரரும்.

இரவில் போட்ட அரை மில்லிகிராம் ஒன்றாயிற்று. பின்னர்க் காலையிலும் ஓர் அரை சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாக மனப்பாடமாய் இருந்த செய்யுள்களின் ஈற்றடிகள் மறந்தன. ஓரிரவு புறக்கடைப் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன் பின்னரே இதை விடவேண்டும் என்று எண்ணினேன். ஒரு மருத்துவர், “இந்த வயதில் எதற்கு விட வேண்டும்? இருக்கும்வரை போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். மற்றொருவர், “இன்றே நிறுத்துங்கள், மன உறுதி இருந்தால் போதும்” என்றார். இரண்டாமவர் சொல் நம் மரபுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றியது. அவ்வாண்டுத் தசலட்சண நோன்பின் முதல் நாளில், இனி அம்மாத்திரையைத் தொடுவதில்லை என்று விரதம் பூண்டேன். உறவினர் பாராட்டினர்.

முதல் இரவு உறக்கமில்லை. இரண்டாம் நாள் கை நடுங்கியது, உடல் வியர்த்தது, பாத்திரம் வைக்கும் ஓசை கூட இடிபோல் கேட்டது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் சரக்கு வண்டியில் என்னைக் கிடத்திப் போளூர் வரை மலைப்பாதையில் கொண்டு சேர்த்தார். நாற்பது கிலோமீட்டர். வண்டி இறங்கியது ஒன்றும் எனக்கு நினைவில்லை.

நான் செய்த பிழை யாது? மாத்திரையை விட எண்ணியது பிழையன்று. விட்ட முறையே பிழை.

அல்பிரசோலம், டயசிபாம், லோரசிபாம், நைட்ரசிபாம், குளோனசிபாம் ஆகியவை பென்சோடயசிபைன் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் முதல் மருந்து 1960இல் விற்பனைக்கு வந்தது. டயசிபாம் 1963இல் வந்தது. அதற்கு முன் வழங்கிய மருந்துகளைவிட இவை ஆபத்துக் குறைந்தவை என்று உலகம் மகிழ்ந்தது. நம் மூளையில் பரபரப்பை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருள் இயற்கையாகவே உண்டு. வண்டிக்குப் பிரேக் போன்றது அது. இம்மருந்து அந்தப் பிரேக்கை மேலும் அழுத்திக் கொடுக்கிறது. வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்ல, வெளியிலிருந்து வரும் உதவிக்கு ஏற்ப மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்தினால், மலைப்பாதை வளைவில் பிரேக் அறுந்த பேருந்தின் கதைதான். நடுக்கமும் பதற்றமும் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே இடர் நேரலாம். மன உறுதிக்கு இதில் பங்கு சிறிதே. மேலும், மருத்துவர் சொற்படி உண்டவர் உடல் மருந்தைச் சார்ந்துவிடுவது வேறு, போதைக்காக ஒன்றைத் தேடி அலைவது வேறு. முன்னதில் வெட்கப்பட ஏதுமில்லை.

2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, உடல் இம்மருந்துகளைச் சார்ந்துவிடும் என்பதையும் திடீர் நிறுத்தத்தின் இடரையும் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்குமாறு ஆணையிட்டது. நம் நாட்டில் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் முதலியவை 2014 மார்ச் முதல் எச்1 என்னும் அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். பட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கோட்டுக் கட்டம் இருக்கும்.

இனி, தக்க உதவியைத் தேடும் வழிக்கு வருகிறேன். திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவம் என்பது நான்கு உறுப்புடையது என்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து தருபவர். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் காரியம் கெடும். என் விரதத்தில் முதலாவது மட்டுமே இருந்தது.

நோயாளியின் கடமை உண்மையை மறைக்காமை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை ஆண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மதுப் பழக்கம், வலி மருந்து, மூச்சுத் திணறல், முன்பு வந்த வலிப்பு எதையும் ஒளிக்காதீர்கள். நம்மவர்க்கு மட்டும் உரிய செய்தி ஒன்று உண்டு. நாம் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. உபவாச நாளில் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுவோரும் உளர். இவ்வகை மருந்தில் அப்படி விட்டு விட்டு உண்பது திடீர் நிறுத்தத்துக்கு ஒப்பானது. ஆதலால் நோன்பு முறையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் வேளையை மாற்றி வகுத்துத் தரக்கூடும். எதுவும் சொல்லாமல் நாமே ஒரு வேளையை விடுவதுதான் தவறு.

அடுத்து மருத்துவர். வலிப்புக்குப் பின் உறவினர் சிலர் என்னைக் குடிநோயாளர் இல்லத்தில் சேர்க்கலாம் என்றனர். அத்தகைய இல்லங்கள் தம் பணியைச் செய்கின்றன. ஆனால் அவர்கள் சில வாரங்களில் முடிப்பது, எனக்கு மாதக்கணக்கில் ஆகவேண்டிய வேலை. இறுதியில் அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் தக்க மருத்துவரைக் கண்டேன். அவர் என்னைக் கடியவில்லை. “எத்தனை ஆண்டு?” என்று கேட்டார். “அப்படியானால் இறங்குவதற்கும் நாள் வேண்டும், ஐயா” என்றார். அச்சொல்லிலேயே எனக்குப் பாதி நலம் வந்துவிட்டது.

தக்கவரை அறிய நான் கற்ற கேள்விகள் நான்கு. இம்மருந்திலிருந்து பிறரை இறக்கிய பழக்கம் உமக்கு உண்டா? எவ்வளவு காலம் ஆகும்? துன்பம் மிகுந்தால் அதே அளவில் சிறிது காலம் நிறுத்திவைப்பீரா? இடையில் யாரிடம் பேசுவது? இவற்றுக்குப் பொறுமையாக விடையளிப்பவரிடம் செல்லுங்கள். ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடமும், கேள்விக்கே சினப்பவரிடமும் இன்னொரு முறை எண்ணிச் செல்லுங்கள்.

மலையில் இருப்போர் எங்கே தொடங்குவது? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தொடங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எங்கு, எந்நாளில் பார்க்கிறார் என்று அங்கே கேளுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. வேலூர்ப் பக்கம் செல்வோர்க்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 முதல் பாகாயத்தில் நடத்தும் மனநல மையம் உண்டு. வழி தெரியாதவர் 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். 2022இல் தொடங்கிய இந்த அரசுத் தொலைபேசிச் சேவை இரவு பகலாகத் தமிழிலும் பேசும், கட்டணமில்லை. ஆனால் இவ்வகை மருந்துகள் பலவற்றைத் தொலைபேசி வழியே எழுதித் தருவதற்கு 2020ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ நெறிமுறைகள் தடை விதிக்கின்றன. எனவே நேரில் ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் எவரையும் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

மூன்றாவது மருந்து. மாத்திரை என்னும் சொல்லுக்கு இலக்கணத்தில் அளவு என்று பொருள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மகரமெய் தன் ஓசையில் குறுகினால் கால். ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒன்றிலிருந்து அரைக்கும், அரையிலிருந்து காலுக்கும் இறங்குவதே என் சிகிச்சையாகும் என்று அன்று அறிந்தேனில்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்னும் மருத்துவப் பேராசிரியர், 1982 முதல் 1994 வரை இம்மருந்தை விட விரும்புவோர்க்கென்றே தனி மருத்துவப் பிரிவு நடத்தினார். சிறிது சிறிதாக, நோயாளியின் தாங்குதிறன் அறிந்து குறைப்பதே அவர் முறை. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைப்பதில் தொடங்கலாம் என்கிறது. இரு வாரத்தில் நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டலாகாது என்று எல்லையும் வகுக்கிறது. சிலருக்கு நெடுநேரம் உடலில் நிற்கும் டயசிபாமுக்கு மாற்றிப் பின்னர்க் குறைப்பதும் உண்டு. அது மருத்துவர் முடிவு.

எனக்கு, நிறுத்திய மருந்தையே மீண்டும் தொடங்கி, உடலை நிலைப்படுத்திய பின்னரே குறைக்கலானார். ஒரு படிக்கும் மறு படிக்கும் நான்கு வாரம். மார்கழிக் குளிரில் உறக்கம் கெட்டபோது, “அவசரமில்லை, இங்கேயே நிற்போம்” என்றார். கடைசிப் படிகளே கடினமாக இருந்தன. ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. இது என் கணக்கு. இதை எவரும் தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டா.

மருந்து விட்ட இடத்தை நிரப்பவும் ஒன்று வேண்டும். தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரையன்று, பழக்கங்களைத் திருத்தும் உளவியல் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது. எனக்குச் சொல்லப்பட்டவை எளியவை. எப்படி உறங்கினும் ஒரே நேரத்தில் எழுக, உறக்கம் வராவிடில் படுக்கையில் புரளாமல் எழுந்து அமர்க, பகலில் உறங்கற்க. எழுந்து அமர்ந்த நேரங்களில் நான் சாமாயிகம் செய்தேன். இரு நாழிகை அசையாதிருத்தல் மனத்துக்கு உதவிற்று. ஆயினும் அது மருந்துக் கணக்குக்கு மாற்றன்று, துணை மட்டுமே.

நான்காவது, அருகிருப்பவர். என்னைத் தூக்கிச் சென்ற அம்மாணவரே மாத்திரைகளைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு வாரம்தோறும் எண்ணிக் கொடுத்தார். நடுங்கிய நாள்களில் என்னோடு திண்ணையில் அமர்ந்திருந்தார். மாதந்தோறும் மலையிலிருந்து இறக்கி அழைத்துச் சென்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர், மலைவாழ் மக்களில் ஒருவர். நோன்பைப் பாராட்டிய என் உறவினர் எவரும் அந்த ஓராண்டில் மலையேறவில்லை. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நமக்கு அது தெரியாமற்போயிற்று என்பதற்காகவே சொல்கிறேன்.

பெரியோர்களே! துறவியர்க்கு மகாவிரதம் வகுத்த நம் சமயம், இல்லறத்தார்க்கு அணுவிரதமே வகுத்தது. இல்லறத்தார் படிப்படியாக உயர்வதற்குப் பதினொரு நிலைகளையும் வைத்தது. அவரவர் ஆற்றலுக்கேற்ற சிறு அளவே அறம் என்றது. பல்லாண்டு உண்ட தூக்க மாத்திரையை ஒரே நாளில் துறப்பது தியாகமாகாது. பிற உயிர்க்குத் துன்பம் செய்யாத நாம் நம் உயிர்க்கு மட்டும் அதைச் செய்யலாமா?

இவ்வவையின்முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். இனி எவரேனும் மருந்தை விடுகிறேன் என்று விரதம் கேட்டு வந்தால், “மருத்துவரிடம் கேட்டீரா?” என்று முதலில் வினவுங்கள். அடுத்து, நம் அறக்கட்டளை மாதத்தில் ஒரு நாள் ஒரு வண்டி ஏற்பாடு செய்யட்டும். மலையிலும் அடிவார ஊர்களிலும் இருந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர், எச்சமயத்தவராயினும், அதில் செல்லட்டும். முதல் மாதச் செலவை நான் தருகிறேன்.

நேற்றிரவு ஐந்து மணி நேரம் உறங்கினேன். முன்பு அது எனக்குக் குறையாகத் தோன்றியிருக்கும். இன்று அது என் சொந்த உறக்கம். மறந்துபோன ஈற்றடிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன.