சம்பளச் சீட்டு தயவல்ல, உரிமை!
(திருப்பூர் பனியன் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்றால் சம்பள நேரம். கட்டிங் மாஸ்டரும், பவர் டேபிளில் தைப்பவரும், செக்கிங் பெண்களும் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். எத்தனை ஷிப்டுக்கு இந்தப் பணம்? பீசுக்கு என்ன ரேட்? ஓவர்டைம் எவ்வளவு? பிடித்தது எதற்கு? இவற்றைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

"பணம் வந்துவிட்டதே, காகிதம் எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பிடித்தத்துக்குரிய வாரக் கூலி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிராவிடண்டு பண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் 360 ரூபாய். ஈ.எஸ்.ஐ.க்கு நூற்றுக்கு முக்கால் வீதம் 22 ரூபாய் 50 காசு. பண்டுப் பணம் மட்டும் வருஷத்துக்கு 18,720 ரூபாய்! முதலாளியும் தன் பங்கைச் சேர்த்துக் கட்டவேண்டும். பிடித்த பணம் கட்டப்படவில்லை என்பது நமக்கு எப்போது தெரிகிறது? பிரசவத்துக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது! மகள் கல்யாணத்துக்குப் பண்டுப் பணம் கேட்கும்போது! அன்று முதலாளி, "இந்த அம்மாள் எங்கள் ஆளே இல்லை, கண்டிராக்டர் ஆள்" என்கிறார். கண்டிராக்டரோ கடையைக் கட்டிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1936ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், 1948ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் உள்பட நான்கு சட்டங்களை ஒன்றாக்கி, 2019ல் கூலிச் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. 2025 நவம்பர் 21ல் அது அமலுக்கு வந்தது. புதிய தொகுப்புகளைப் பல மத்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தப் போராட்டம் வேறு. ஆனால் இந்தச் சட்டத்தின் 50வது பிரிவு, முதலாளி சம்பளச் சீட்டு கொடுத்தே தீரவேண்டும் என்கிறது. அதை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

சீட்டு தரவில்லை என்பதால் நம் கூலி உரிமை செத்துவிடாது. கூலி குறைகிறது என்று மனுப் போட்டால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இது 59வது பிரிவு. கண்டிராக்டர் கொடுக்கத் தவறினால் ஸ்தாபனத்தின் சொந்தக்காரரே பொறுப்பு. இது 43வது பிரிவு. மூன்று வருஷம் வரை பின்னோக்கி மனுப் போடலாம். பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தனி ஆளாகப் போக அஞ்சுபவருக்காகப் பதிவு பெற்ற சங்கமே மனுப் போடலாம்.

ஆனால் ஒன்று, தோழர்களே! அங்கே நாம் வேலை செய்தோம் என்பதை நாம்தான் காட்டவேண்டும். சீட்டு இல்லாதவன் இங்கேதான் மாட்டிக்கொள்கிறான். ஆகவே இன்றிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, ஷிப்டு, பீஸ் எண்ணிக்கை, வாங்கிய பணம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். அடையாள அட்டை, பாங்கு பாஸ்புத்தகம், சூப்பர்வைசர் போனில் அனுப்பிய செய்தி எதையும் அழிக்காதீர்கள். பண்டுக் கணக்கை உங்கள் போனிலேயே மாதாமாதம் பாருங்கள்.

பிறகு கேளுங்கள். ஒருவர் கேட்டால் திங்கட்கிழமை அவருக்கு வேலை இருக்காது. லைன் முழுவதும் கையெழுத்திட்டுச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டால் முதலாளி யோசிப்பார். அதற்கும் மசியாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார். வழக்குப் போடுமுன் அவர் எழுத்துமூலம் உத்தரவிட்டு முதலாளிக்கு அவகாசம் தருவார். அந்த அவகாசத்தில் சீட்டு வந்தால் நமக்கு வெற்றி. வராவிட்டால் 20,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நாம் தைத்த ஒவ்வொரு பீசுக்கும் முதலாளியிடம் கணக்கு இருக்கிறது. பஞ்சின் எடைக்கும், நூலின் விலைக்கும், ஏற்றுமதிப் பெட்டிக்கும் ரசீது இருக்கிறது. நம் உழைப்புக்கு மட்டும் ரசீது கூடாதா? வருகிற சனிக்கிழமை ஒவ்வொரு லைனிலும் இந்தக் கேள்வி எழட்டும்!