மீனின் மரபணுவில் பதிந்த மனிதக் கரங்களின் வினை

 



தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டிற்கு மனிதனின் செயல்களே காரணம் என்பதை அருள்மறையின் 30-ஆம் அத்தியாயம் 41-ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. ஒரு சிறிய மீனின் உடலுக்குள்ளேயே அச்சீர்கேடு பதிந்துவிட்ட வரலாற்றை இன்று சிந்திப்போம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆறு ஓடுகிறது. அதன் கரையிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இரு ஆலைகள், மின்தேக்கிகள் செய்வதற்கு பி.சி.பி. எனும் எண்ணெய் போன்ற இரசாயனத்தைப் பயன்படுத்தின. 1947 முதல் 1977 வரை ஏறத்தாழ 13 இலட்சம் பவுண்டு பி.சி.பி. ஆற்றில் கலந்ததாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டுள்ளது. எளிதில் தீப்பற்றாது, எளிதில் சிதையாது என்பதே அப்பொருளின் சிறப்பு. தொழிலுக்கு நன்மையாயிருந்த அதே குணம் ஆற்றுக்குத் தீங்காய் முடிந்தது. அது சேற்றில் படிந்தது, சிற்றுயிர்களில் ஏறியது, மீன்களின் கொழுப்பில் தங்கியது.

அந்த ஆற்றில் டாம்காட் எனும் சிறு மீன் வாழ்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, இரண்டு வயதை எட்டிய டாம்காட்களில் மிகப் பெரும்பாலானவற்றின் ஈரலில் கட்டிகள் காணப்பட்டன. ஆயினும் அவ்வினம் அழியவில்லை. ஏன்?

2011-இல் ஐசக் விர்ஜின் தலைமையிலான ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டனர். உயிரணுவுக்குள் ஏ.எச்.ஆர். என்றொரு புரதம் பூட்டைப் போல் இருக்கிறது. பி.சி.பி. கள்ளச்சாவியாய் நுழைந்து அதைத் திறக்கும்போது, இயங்கக் கூடாத மரபணுக்கள் இயங்கத் தொடங்கி, மீன்குஞ்சின் இதயம் முதலிய உறுப்புகள் சிதைகின்றன. ஹட்சன் ஆற்று டாம்காட்களில் பெரும்பாலானவற்றின் மரபணுவில் ஆறு எழுத்துக்கள் குறைவு. அதனால் அப்புரதத்தின் இரு அமினோ அமிலங்கள் இல்லை; கள்ளச்சாவி அதில் சரியாகப் பொருந்துவதில்லை.

நஞ்சு மீனுக்கு இந்த மாற்றத்தைக் கற்றுக்கொடுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். அம்மாற்றம் வெகுசில மீன்களிடமே இருந்தது. மற்றவை மடிந்தன, அல்லது சந்ததியின்றிப் போயின. எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்களே, ஒரு நூற்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், அந்த ஆற்றை நிரப்பின.

"மீன் பிழைத்துக்கொண்டதே, பிறகென்ன?" என்று கேட்பவர் உண்டு. சகோதரர்களே! மீன் பிழைத்தது, நஞ்சு மறையவில்லை. அதைத் தன் உடலில் சுமந்தபடியே அது வாழ்கிறது. பெரிய மீன் அதை விழுங்குகிறது. அப்பெரிய மீன் மனிதனின் தட்டுக்கு வருகிறது. சில ஆண்டுகளில் ஒரு தலைமுறை காணும் மீனுக்குக் கிடைத்த தற்காப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்று எவர் உறுதி கூற முடியும்?

1976-இல் நடந்த விசாரணை, நிறுவனத்தின் தவற்றோடு அரசின் கண்காணிப்புத் தவற்றையும் சுட்டிக்காட்டியது. சட்டத்தின் கண் அயர்ந்துவிடலாம்; அல்லாஹ்வின் பார்வை அயர்வதில்லை. 2009 முதல் 2015 வரை பெரும் பொருட்செலவில் ஆற்றின் சேறு அள்ளப்பட்டது. அப்போதும் நஞ்சு முற்றிலும் நீங்கவில்லை.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையே அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். தானே மறையும் அசுத்தத்திற்கே இத்தடை என்றால், தலைமுறைகள் கடந்தும் மறையாத நஞ்சைக் கலப்பவர் நாளை என்ன பதில் சொல்வார்? நம்மில் ஆலை நடத்துவோர், பட்டறை வைத்திருப்போர், கழிவெண்ணெயைக் கையாள்வோர் இருக்கிறோம். இரவில் யாரும் காணாமல் கழிவைத் திறந்துவிட்டுச் சேமிக்கும் பணம் இலாபமன்று. அண்டை வீட்டாரின், பிறக்காத பிள்ளைகளின், வாய்பேசா உயிர்களின் உரிமையைப் பறித்ததாகும். நீர் நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அந்த அமானிதத்தைப் பேணி வாழ்ந்து, பெற்றபடியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.