பேசிக்கொண்டே மிதியுங்கள்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சைக்கிள் மிதிக்கிறதுக்கு ஒரு பேச்சா என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. 200 கிலோமீட்டர் பிரவே பயணத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணமோ 1200 கிலோமீட்டர். உச்ச வரம்பு 90 மணி நேரம். முதல் இருபது கிலோமீட்டரில் யார் முந்தினார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

உடம்பிலே எரிபொருள் இரண்டு. கொழுப்பு, ஒல்லி ஆளிடமும் நாள்கணக்கில் ஓட்டும் அளவுக்கு உண்டு. மாவுச்சத்து, தசையிலும் ஈரலிலும் சேர்த்து சுமார் அரைக் கிலோதான். நிதானமாக மிதித்தால் கொழுப்பின் பங்கு கூடும். விரட்டினால் மாவுச்சத்து காலியாகும். இரண்டு மணி நேரத்தில் கால் மரத்துப்போகும்.

பயிற்சியாளர்கள் தீவிரத்தை ஐந்து மண்டலம், ஏழு மண்டலம் என்று பிரிப்பார்கள். நமக்கு மூன்று போதும் என்பது என் கட்சி. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் முதல் மண்டலம். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் இரண்டாவது. 'ம்' சொல்லக்கூட முடியலைன்னா மூன்றாவது.

நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், முன்னணி வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்தார். பத்துப் பயிற்சிக்குச் சுமார் எட்டு, முதல் மண்டலத்தில்தான்! தசையில் நுண்ரத்தக் குழாய்களும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுவதற்கு அந்த நீண்ட, சலிப்பூட்டும் மணிநேரங்கள் பெரிதும் உதவுகின்றன. நம்ம பசங்க என்ன செய்றாங்க? தினமும் காலையிலே பந்தயம். எல்லாமே இரண்டாவது மண்டலம். மூன்றாவதில் முழுமூச்சாக மிதிக்க வேண்டிய நாளில் காலில் சத்து இருக்காது.

கைக்கடிகாரம் காட்டும் நாடித் துடிப்பை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடும், குறையும். நம் வெயிலில் வியர்வை போகப் போக, அதே வேகத்திலும் துடிப்பு ஏறும்.

என் வயதுத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டி, பல வருடம் கழித்து சைக்கிளைத் தொடுகிறவர்கள், டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு மூன்றாவது மண்டலத்துக்குப் போங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் உடனே இறங்கி உதவி கேளுங்கள், மானம் பார்க்காதீர்கள்.

நாளைக் காலை 5.30 மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து கிளம்புகிறோம். முன்னால் போகிறவர் பழைய கதை பேசிக்கொண்டே போக வேண்டும். பேச்சு நின்றால் வேகத்தைக் குறைப்போம்.