அயர்லாந்து இழந்த மொழி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அயர்லாந்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "காஞ்சிக்கும் அயர்லாந்துக்கும் என்னய்யா தொடர்பு?" என்று கேட்டார். தொடர்பு தறியிலிருந்தே தொடங்குகிறது.

1699ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அயர்லாந்தில் நெய்த கம்பளித் துணியை இங்கிலாந்தைத் தவிர வேறு எந்நாட்டுக்கும் அனுப்பக் கூடாது. இங்கிலாந்துக்கு அனுப்பினாலோ கடுமையான சுங்கம். அடுத்த ஆண்டே இன்னொரு சட்டம்: இந்தியாவிலிருந்து வரும் பட்டையும் அச்சிட்ட பருத்தித் துணியையும் இங்கிலாந்தில் எவரும் உடுத்தக் கூடாது. ஐரிஷ் நெசவாளியும் நம் நெசவாளியும் ஒரே மன்றத்தின் ஆணைக்கு அடுத்தடுத்து ஆளானார்கள். 1720இல், கலிவரின் கதையைப் பின்னாளில் எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், அயர்லாந்து மக்கள் தம் நாட்டுத் துணியையே உடுத்த வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அச்சிட்டவர் மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று சொன்ன நடுவர் குழுவை நீதிபதி ஒன்பது முறை திருப்பி அனுப்பினார். நம் சுதேசி இயக்கத்துக்கு 185 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது.

பஞ்சத்திலும் நாம் உறவினர்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகச் சுருங்கியது. லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணத்தை நடத்தியவர் சார்லஸ் டிரெவெல்யன். சந்தையின் போக்கில் அரசு தலையிடலாகாது என்பது அவர் கொள்கை. அவரே 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் இங்கே இல்லை. ஆனால் அந்தக் கொள்கை இருந்தது. நிவாரண வேலை செய்பவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார்.

ஆயினும் நான் பேச வந்தது பசியைப் பற்றியன்று, மொழியைப் பற்றி. பஞ்சத்தில் மிகுதியாக அழிந்தவர்கள் மேற்குக் கரையின் ஏழைகள். அவர்கள் நாவில்தான் ஐரிஷ் மொழி வாழ்ந்தது. 1831இல் தொடங்கிய அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. பல ஊர்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐரிஷில் ஒரு சொல் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. பெற்றோரும் இதற்கு உடன்பட்டார்கள். வீட்டிலே குச்சியில் வெட்டுப் போட்டவர்களும் அவர்களே. ஆங்கிலம் தெரிந்தால்தான் பிள்ளை அமெரிக்காவில் பிழைக்கும் என்று அந்தத் தாய் எண்ணினாள். அவளை எப்படிக் குற்றம் சொல்வது? 1851இல் 15 லட்சம் பேர் பேசிய மொழியை 1901இல் பேசியவர்கள் ஆறரை லட்சத்துக்கும் குறைவு.

அதன் பிறகே மறுமலர்ச்சி வந்தது. 1893இல் டக்ளஸ் ஹைட் முதலியோர் கேலிக் கழகத்தைத் தொடங்கினர். 1904இல் யேட்ஸும் கிரிகோரி சீமாட்டியும் ஆபி நாடக அரங்கை நிறுவினர். ஜான் சிங் மேற்குத் தீவுகளில் தங்கி, உழவரும் மீனவரும் பேசிய பேச்சைக் கேட்டு நாடகம் எழுதினார். அவர் எழுதியது ஆங்கிலம்தான். ஆனால் அதன் பாவு ஐரிஷ், ஊடை மட்டுமே ஆங்கிலம். நெசவு தெரிந்த இந்த அவைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர்களில் பியர்ஸ், மெக்டோனா, பிளங்கெட் ஆகிய மூவரும் கவிஞர்கள். அந்தத் துப்பாக்கி ஓசை அடையாற்றிலும் கேட்டது. பெல்ஃபாஸ்டில் பிறந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் அப்போது அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' இதழில் பணியாற்றினார். எழுச்சி வீரர்களைப் போற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதனால் வேலையை இழந்தார். தம்மை ஐரிஷ் வழியினர் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர் பெசன்ட். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் பெயரே அயர்லாந்திலிருந்து வந்ததுதான். அவராலும் கசின்ஸைக் காக்க இயலவில்லை. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் அதே 1916இல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கசின்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரிக்குச் சென்றார். புதிய ஆங்கிலக் கவிதை பற்றி அவர் எழுதிய நூலை மதிப்பிடத் தொடங்கிய அரவிந்தர், புதுச்சேரியில் வருங்காலக் கவிதை பற்றிய தம் நீண்ட தொடரையே எழுதி முடித்தார். கசின்ஸின் துணைவியார் மார்கரெட், 1919இல் மதனப்பள்ளிக்கு வந்த தாகூர் பாடக் கேட்டு 'ஜன கண மன' பாடலுக்குச் சுரக் குறிப்பு எழுதினார். 1932இல் சென்னையில் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர்ச் சிறை புகுந்தவரும் அவரே.

அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் தன்னாட்சி பெற்றது. பள்ளிகளில் ஐரிஷ் கட்டாயமாயிற்று. 1937 அரசியலமைப்பு அதையே முதல் ஆட்சிமொழி என்றது. மொழிக் கழகம் கண்ட ஹைட் 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். யேட்ஸ், ஷா, பெக்கெட், ஹீனி என நான்கு நோபல் பரிசுகள் வந்தன. நான்கும் ஐரிஷ் மொழியில் எழுதியதற்காக அல்ல. 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் தெரியும் என்றனர். பள்ளிக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம் பேர் மட்டுமே. சட்டம் மொழிக்கு அரியணை தந்தது. அடுப்படியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அவையோரே, நம் கதை வேறு என்று நாம் மகிழலாம். மகிழக் காரணமும் உண்டு. இந்த ஊர் ஈன்ற அறிஞர் அண்ணா முதல்வராக இருந்தபோது 1968இல் இருமொழிக் கொள்கை தீர்மானமாயிற்று. 1969இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. வெளியிலிருந்து வந்த மொழித் திணிப்பை எதிர்க்க நமக்குத் தெரியும். ஆனால் அயர்லாந்துத் தாயின் கையில் இருந்த குச்சியை எதிர்க்க நமக்குத் தெரியுமா?

என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். என் பெயர்த்தி ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறாள். ஒருநாள் வகுப்பில் தோழியோடு தமிழில் பேசினாள் என்று பத்து ரூபாய் அபராதம். மேடைதோறும் தமிழ் முழங்கும் நான் என்ன செய்தேன்? பணத்தை எடுத்துக் கொடுத்து, "இனிமேல் அங்கே இங்கிலீஷிலேயே பேசு கண்ணு" என்றேன். பள்ளிக்குச் சென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குச்சியில் வெட்டுப் போட்ட கை என் கைதான். என் தந்தையார் தறிக்குழியில் அமர்ந்து கோர்வைச் சேலை நெய்தவர். பாவு, ஊடை என்றால் என்னவென்று என் பெயர்த்திக்குத் தெரியாது. நான் சொல்லித் தரவில்லை.

அயர்லாந்து தாமதமாகவேனும் செய்த நற்செயல் ஒன்றுண்டு. 1937 முதல் 1939 வரை சுமார் 5 ஆயிரம் பள்ளிகளைச் சேர்ந்த 50 ஆயிரம் குழந்தைகள், தம் ஊர் முதியவர்களிடம் கதையும் வழக்கும் கைத்தொழிலும் கேட்டு ஏடுகளில் எழுதினார்கள். பல லட்சம் பக்கங்கள் அவை. இன்றும் டப்ளினில் காக்கப்படுகின்றன.

நம் வட்டம் பதினோராம் ஆண்டில் இதைச் செய்யலாம். தறியோடு வாழ்ந்த முதியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து அவர்களிடம் அனுப்புவோம். தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும், சாயத்தின் ஒவ்வொரு பதத்துக்கும் அவர்கள் சொல்லும் பெயரை எழுதி வரட்டும். அந்தச் சொற்களைக் கவிஞர்கள் நாம் கவிதையில் ஆளுவோம். முதல் குறிப்பேட்டை நான் வாங்கிவிட்டேன். என் பெயர்த்தி அடுத்த ஞாயிறு பக்கத்துத் தெருவுக்குப் போகிறாள். நானும் உடன் செல்கிறேன்.