காதால் கேட்ட வரலாறு

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தூங்கிவிடுவேன். இரண்டு ஆண்டுகளாக வரலாற்று ஒலிநூல்கள் கேட்கிறேன். முதலில் கேட்டது வில்லியம் டால்ரிம்பிள் எழுதிய ‘தி அனார்க்கி’. கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆங்கில நூல்.

பிளாசிப் போர் 1757, பக்சார் போர் 1764, திவானி உரிமை 1765. இவற்றை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். திவானி என்றால் வரி வசூலிக்கும் உரிமை; ஒரு மதிப்பெண் வினா. அதற்குள் என்ன இருக்கிறது என்பது கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. லாபத்துக்காகத் தொடங்கப்பட்ட ஒரு வணிக நிறுவனத்தின் கைக்கு வங்காளம், பீகார், ஒடிசா பகுதிகளின் வரி போனது. அதுவரை வெள்ளியைக் கப்பலில் கொண்டுவந்து துணி வாங்கியவர்கள், பிறகு வங்காள உழவர் கட்டிய வரியைக் கொண்டே வங்காளத் துணியை வாங்கினார்கள். 1770-இல் கொடும் பஞ்சம். 1772-இல் கம்பெனியே கடனில் தத்தளித்து அரசிடம் கையேந்தியது. 1773-இல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தேங்கிக் கிடந்த கம்பெனித் தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்க வழிசெய்யும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் அந்தத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். நாம் வெவ்வேறு பாடங்களில் நடத்துபவை ஒரே கணக்கேட்டின் பக்கங்களாக இருந்தன.

மறுவாரம் எட்டாம் வகுப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைக் கதையாகச் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “சார், மழையும் பெய்யல, ஆளுங்களும் செத்துட்டாங்க. அப்புறம் வரியை யாரு கட்டுனது?”

எனக்கு விடை தெரியவில்லை. “தேடிச் சொல்கிறேன்” என்றேன். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் விடை கிடைத்தது. மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் மடிந்தார்கள் என்று அவரே கணக்கிடுகிறார். ஆனாலும் 1771-இன் வரி வசூல் 1768-ஐ விடக் கூடுதல். இறந்தவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்களின் பாக்கியையும் மிஞ்சியவர்கள் தலையில் கட்டினார்கள். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது.

அந்த மாணவனைப் பற்றி ‘பாடத்தில் ஆர்வமில்லை’ என்று பதிவேட்டில் எழுதியவன் நான்தான். வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பான். அவனுக்கு வராதது வாசிப்பு. அதை வரலாறு வராததாக ஓராண்டு முழுவதும் எண்ணியிருக்கிறேன். அந்தத் தவற்றைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இப்போது வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கதை நேரம். ஒலிநூலை அப்படியே ஓடவிடுவதில்லை; நான் கேட்டதை நம் தமிழில் சொல்கிறேன். சுவரில் உலக வரைபடம் இருக்கும். ஊர்ப் பெயர் வந்ததும் நிறுத்துவேன். ஒருவர் வந்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுவார். ஆண்டைக் கரும்பலகையில் எழுதுவோம்.

ஒலிநூலிலும் குறை உண்டு. நல்ல குரலில் சொன்னால் எதுவும் உண்மைபோலத் தோன்றும். ஓடும் பேருந்தில் பெயர்களும் ஆண்டுகளும் நழுவிவிடும். அதனால் முக்கியமானதை வீட்டுக்கு வந்து நூலில் சரிபார்த்துக்கொள்கிறேன். “இதைச் சொல்பவர் யார்? இதில் யாருடைய குரல் இல்லை?” என்ற இரண்டு கேள்விகளை மாணவர்களும் கேட்கப் பழகியிருக்கிறார்கள்.

கேட்பது வாசிப்புக்கு மாற்றாகிவிடாது. அந்த மாணவன் இன்றும் தடுமாறித்தான் வாசிக்கிறான். ஆனால் தெரிந்த கதை என்பதால், அந்தப் பாடம் வரும்போது வாசிக்கத் தானே எழுந்து நிற்கிறான்.

உங்கள் வகுப்பின் கடைசி வரிசையிலும் இப்படி ஒரு கேள்வி காத்திருக்கலாம். ஒரு நாள் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள்.