புழு குளவியாகுமா?

குளவியானது ஒரு புழுவைக் கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருந்தால் அப்புழு குளவியாகவே மாறிவிடும் என்று நம் நாட்டில் வெகு காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. குருவின் மகிமைக்கு வேதாந்திகள் இதையே உவமையாகவும் காட்டுவார்கள். கூட்டை உடைத்துப் பார்த்திருந்தால், குளவிக்குஞ்சு அப்புழுவைத் தின்று வளருவது கண்ணுக்கே தெரிந்திருக்கும். உவமை சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். உடைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இப்பைத்தியம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. 17-ம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும், கம்பளிப்புழுவின் உடலிலிருந்து சிறு பூச்சிகள் வெளிவருவதைக் கண்டவர்கள், புழுவே அவைகளைப் பெற்றதாக எண்ணினார்கள்.

உண்மை என்ன? அயர்லாந்துத் தோட்டங்களில் முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுவை எடுத்துக்கொள்ளுவோம். கொட்டேசியா என்னும் சிறு கருங்குளவி அப்புழுவின் உடலுக்குள் இருபது முப்பது முட்டைகளை இட்டுவிடுகிறது. குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவந்து, பக்கத்திலேயே மஞ்சள் பட்டுக்கூடு கட்டுகின்றன. இக்கூடுகளைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குகிற தோட்டக்காரன் தன் சிநேகிதனையே கொல்லுகிறான். அறியாமைக்கு இதைவிட நேரான நஷ்டம் வேறென்ன வேண்டும்?

நிற்க, அக்கூடுகளுக்குள்ளும் முட்டையிட்டு, கொட்டேசியாவையே தின்றுவிடுகிற வேறு குளவிகளும் உண்டு. அப்படியானால், கூட்டிலிருந்து வெளிவந்தது சிநேகிதனா விரோதியா என்பதைப் பெயர் தெரியாமல் எப்படிச் சொல்ல முடியும்? பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக இக்னியூமோன் என்னும் ஒரு குடும்பத்தில் மாத்திரம் 2,500-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஆகவேதான் பெயரறிவது விளையாட்டுக் காரியமல்ல என்கிறோம்.

இதற்கு வேண்டிய கருவிகளோ வெகு எளியவை. புல்லிலும் வேலிச்செடியிலும் வீசிப் பிடிக்க ஒரு துணிவலை. பூச்சியைப் போட ஒரு சாராயப் புட்டி. நோயுற்ற புழுவை வளர்த்துப் பார்க்க ஒரு பெட்டி. ஸ்வீடன் தேசத்து மலேஸ் என்பவர் 1934-ல் பர்மாவில் செய்து பார்த்த கூடார வலையோ, ஆளில்லாமலே இரவும் பகலும் பிடித்துக் கொண்டிருக்கும். பிறகு பூச்சியை அட்டையில் ஒட்டி, எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது, எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று சீட்டெழுத வேண்டும். சீட்டில்லாத பூச்சி சாட்சியில்லாத வழக்குப் போன்றது.

அதன்மேல் மைக்ராஸ்கோப்பு. முன்சிறகின் வெளிப்பாதியில் குறுக்கே ஓடும் ஒரு நரம்பு இக்னியூமோன் குடும்பத்தில் பெரும்பாலும் இருக்கும். அதற்கு நெருங்கிய பிராகோன் குடும்பத்தில் பெரும்பாலும் இராது. இப்படியே உணர்கொம்பின் கணுக்களையும், முட்டையிடும் ஊசியின் நீளத்தையும் பார்த்துப் பார்த்து இனத்தை நெருங்க வேண்டும்.

1806-ல் அயர்லாந்தின் ஹோலிவுட் என்னும் ஊரில் பிறந்த ஹாலிடே சட்டம் படித்தவர். ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாத இக்குளவிகளைப் பிரித்துப் பெயரிடுவதிலே பேர்பெற்றார். அவருடைய பூச்சிகள் டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஹாலிடே பெரியவர் என்பதற்காக அவர் சொன்னதை இன்று யாரும் ஒப்புவதில்லை. சந்தேகமுள்ளவன் அப்பூச்சியை வைத்துப் பார்த்துத் தானே தீர்மானிக்கலாம்; தவறிருந்தால் திருத்தலாம். எந்த சாஸ்திரம் இப்படித் தன்னைத் திருத்த இடங்கொடுக்கிறது?

இதைச் சர்வ தயாபரனின் திருவிளையாடல் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயிரோடிருக்கும் புழுவின் உடலை உள்ளிருந்து தின்பதற்கென்றே கருணையுள்ள கடவுள் இக்குளவிகளைப் படைத்தார் என்று தம்மை நம்பச்செய்துகொள்ள முடியவில்லையென, டார்வின் 1860-ல் ஆசா கிரே என்னும் அமெரிக்கத் தாவர அறிஞருக்கு எழுதினார். குளவிக்குக் கருணையுமில்லை, கொடுமையுமில்லை. அது தன் வயிற்றுக்குப் பிழைக்கிறது. கருணையையும் கொடுமையையும் கற்பித்தவர்கள் நாமே.

ஆகவே தோழர்களே! புழு ஒருநாளும் குளவியாகாது. கேட்டதை நம்புகிறவன் கூட்டை உடைத்துப் பார்க்கிறவனாக மாறலாம். அதற்கு எந்தக் குருவும் கொட்டவேண்டியதில்லை.